நீர்த்தேக்கத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? எண்ணுவதிலிருந்து முன்கணிப்பு வரை

சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மெக்ரிட்சியில் ஓடுகிறார்கள், பிடோக்கில் துடுப்புப் போடுகிறார்கள், மரினா அணைக்கட்டின் புல்கூரையில் பட்டம் விடுகிறார்கள், லோவர் சிலேத்தாரில் தூண்டிலோடு உட்கார்கிறார்கள். இவர்களில் யாரும் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. ஆகவே போன ஆண்டு எத்தனை பேர் வந்தார்கள் என்பதே ஒரு மதிப்பீடுதான். அடுத்த ஆண்டு எத்தனை பேர் வருவார்கள் என்பது அந்த மதிப்பீட்டின்மேல் கட்டப்படும் இன்னொரு மதிப்பீடு. அடித்தளம் 30 விழுக்காடு பிசகியிருந்தால் மேலே எவ்வளவு நுட்பமான மாடலை வைத்தாலும் பயனில்லை. இந்த வழிகாட்டியில் பாதிக்குமேல் எண்ணுவதைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"எத்தனை பேர்" என்பதற்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஓர் ஆண்டில் மொத்தம் எத்தனை வருகைகள்? அந்த வருகைகளுக்குப் பின்னால் எத்தனை தனித்தனி ஆட்கள்? வரும் சனிக்கிழமை எத்தனை வருகைகள்? அன்று காலை 8 மணிக்கு ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர்? கழிவறை எத்தனை வேண்டும் என்று பார்ப்பவருக்குக் கடைசிக் கேள்வி தேவை. பராமரிப்புச் செலவை நியாயப்படுத்த வேண்டியவருக்கு முதல் கேள்வி. வாரம் ஆறு நாள் வரும் ஒரே முதியவர் ஓராண்டில் 300 வருகைகளைத் தருவார், ஆனால் அவர் ஒரே ஆள்தான். இவற்றைக் கலந்து எழுதிய அறிக்கையை யாராலும் சரிபார்க்க முடியாது.

வருகை என்றால் என்ன என்பதை ஒரே வரியில் எழுதி ஒட்டிவைத்துவிடுங்கள். பெரும்பாலான வேலைக்கு இது போதும்: "ஒருவர் பொழுதுபோக்கு நோக்கத்தோடு ஒரே நாளில் வளாகத்துக்குள் ஒருமுறை நுழைவது." வேலைக்கு வரும் துப்புரவாளரும், குறுக்குவழியாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறவரும் இதில் சேரமாட்டார்கள். மரினா அணைக்கட்டில் இது பெரிய சிக்கல். கால்வாயின் குறுக்கே நிற்கும் 350 மீட்டர் பாலத்தின்மேல் ஈஸ்ட் கோஸ்ட் பக்கமிருந்து நிற்காமல் கடந்துபோகும் சைக்கிளோட்டிகளைச் சேர்ப்பதா விடுவதா? இரண்டும் சரிதான். முதல் நாளிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் உள்ளே இருப்போரின் எண்ணிக்கையை வருகையிலிருந்து எளிதாகப் பெறலாம். மணிக்கு வருவோர் எண்ணிக்கையைச் சராசரித் தங்கும் நேரத்தால் பெருக்குங்கள். மணிக்கு 300 பேர் வந்து, சராசரி ஒன்றரை மணி நேரம் தங்கினால் உள்ளே சுமார் 450 பேர். வருகை ஒரே சீராக இருக்கும் மணிகளுக்கே இது பொருந்தும். கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும் அதிகாலையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்

எண்ணுவதற்குமுன் எல்லா வாயில்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பில் அச்செடுத்த படத்தோடு நடந்தே போங்கள். படத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதைகள் அடுக்குமாடிப் பக்கமிருந்து எப்படியும் இருக்கும்.

மெக்ரிட்சி ஒரு வகை. லோர்னி சாலைப் பக்கம் முதன்மை வாயில். வீனஸ் டிரைவ் கார் நிறுத்துமிடத்திலிருந்து வின்சர் இயற்கைப் பூங்கா வழியாக இன்னொரு வரத்து. சுமார் 11 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஒரு வாயிலில் நுழைந்து வேறொன்றில் வெளியேறுபவர்கள் தாராளம். வாயில்கள் எண்ணக்கூடிய அளவில் இருப்பதால் ஒவ்வொன்றிலும் உள்ளே போவோரை மட்டும் எண்ணினால் போதும்.

பிடோக் வேறு வகை. முன்னாள் மணற்குழியான அது 1986ல் நீர்த்தேக்கமானது. 4.3 கிலோமீட்டர் பாதை, சுற்றிலும் வீவக (அரசு அடுக்குமாடி) பேட்டை, எந்தப் பக்கமும் திறந்த வெளி. இங்கே வாயில்களை எண்ண முனைவது வீண்வேலை. பாதையில் இரண்டு அல்லது மூன்று இடங்களைத் தேர்ந்து அவற்றைக் கடப்போரை எண்ணி, ஒரு வருகையில் சராசரியாக எத்தனை முறை அந்த இடம் கடக்கப்படுகிறது என்பதால் வகுக்க வேண்டும். ஒரு நாளில் 2,600 முறை கடக்கப்பட்டு, சராசரி 1.3 முறை என்றால் 2,000 வருகைகள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அந்தச் சராசரியில், அந்த இடத்தைக் கடக்காமலே வீடு திரும்பியவர்களும் பூஜ்யமாகச் சேர வேண்டும். எண்ணும் இடத்திலேயே நின்று "எத்தனை முறை கடந்தீர்கள்?" என்று கேட்டால் பூஜ்யக்காரர் ஒருவர்கூட உங்களிடம் வரமாட்டார். சராசரி உயரும், வருகை குறைந்துவிடும். எனவே இந்தக் கேள்வியை விளையாட்டுத்திடல், கார் நிறுத்துமிடம், படகு வாடகை இடம் எனப் பல இடங்களில் கேளுங்கள்.

கையால் எண்ணுதல்

கருவி வைக்கப் போகிறீர்கள் என்றாலும் கையால் எண்ணுவது தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரே ஆள் அருகருகே உள்ள இரண்டு மூன்று வாயில்களைச் சமாளிக்கலாம். எந்த 15 நிமிடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எப்போதும் மணியின் தொடக்கத்தில் எண்ணினால் 7 மணிக்குக் கூடும் நடைக்குழுக்கள் நான்கு மடங்காகிவிடும்.

தொடக்க நேரம் காலை 6 மணி. இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் எழும். ஆனால் நடைப்பயிற்சிக்காரர்கள் இருட்டிலேயே பாதையில் இருப்பார்கள். அலுவலக நேரப்படி 8 மணிக்கு எண்ணத் தொடங்கும் ஆய்வு, வார நாள் கூட்டத்தின் கனமான பகுதியைத் தவறவிடும்.

தாளில் கட்டங்கள் அதிகம் வேண்டாம். உள்ளே, வெளியே என்ற திசை. நடை, ஓட்டம், சைக்கிள் என்ற வகை. குழந்தை வண்டியில் இருப்பவர் தனியாக. ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து எண்ணினால் கவனம் சிதறும். மாற்றாள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு எண்ணினால் போதும்? ஆட்கள் தனித்தனியாக வந்தால், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்தால் தோராயப் பிழை கிடைக்கும். 100 பேரை எண்ணினால் பிழை 10 விழுக்காடு, 400 என்றால் 5. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வருகிறார்கள். அப்போது வர்க்கமூலத்துக்குள் போட வேண்டியது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, குழுக்களின் எண்ணிக்கை. 400 பேர் 160 குழுக்களாக வந்திருந்தால் பிழை 8 விழுக்காட்டை நெருங்கும். இதனுடன் நாளுக்கு நாள் வேறுபாடும் சேரும் என்பதால், ஒரே ஞாயிறு முழுவதும் எண்ணுவதைவிட நான்கு ஞாயிறுகளில் கால் பங்கு நேரம் எண்ணுவது மேல்.

இதை ஓராண்டுக்கு விரிப்பது எளிய பெருக்கல். விளக்கத்துக்காக, வார நாளில் 900, சனிக்கிழமை 2,000, ஞாயிறும் பொது விடுமுறையும் 2,600 என்று வைத்துக்கொள்வோம். வார நாள் 250, சனி 52, ஞாயிறும் விடுமுறையும் 63 என்றால் 2,25,000 + 1,04,000 + 1,63,800 = 4,92,800. கவனியுங்கள், ஆண்டுக் கணக்கில் கனமானது வார நாள். அங்கே 10 விழுக்காடு பிசகினால் 22,500 வருகை போகும். ஞாயிற்றுக் கணக்கில் அதே பிசகு 16,380தான். தொண்டூழியர்கள் கிடைக்கும் ஞாயிறுகளிலேயே எண்ணி முடித்துவிட்டு வார நாளை ஊகத்தால் நிரப்பும் வழக்கம் ஆண்டுக் கணக்கை அதன் பெரிய துண்டிலேயே கெடுக்கிறது.

எண்ணும் கருவி

உடல் வெப்பத்தை உணரும் அகச்சிவப்பு சென்சார்தான் பூங்காக்களில் அதிகம் பயன்படுவது. சிறியது, பேட்டரியில் ஓடும், முகத்தைப் பதிவு செய்யாது. எங்கும் பொருத்திவிட முடியாது. மெக்ரிட்சி போன்ற இடங்களில் தண்ணீர் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. யாருடைய பகுதி என்று பார்த்து எழுத்துமூல அனுமதி வாங்கிய பிறகே கம்பத்தில் கை வைக்க வேண்டும். இயற்கை வனப்பகுதியில் ஆய்வு செய்யத் தனி அனுமதி தேவை.

இடுப்புயரத்தில், பாதை குறுகும் இடத்தில், மக்கள் நடந்துகொண்டே இருக்கும் இடத்தில் வையுங்கள். பெஞ்சு, தண்ணீர்க் குழாய், கழிவறை வாசல் அருகில் வைத்தால் ஒரே ஆள் முன்னும் பின்னும் அசைந்து ஐந்தாறு பேராகிவிடுவார். வெயில் பட்டு மின்னும் தண்ணீரை நோக்கி சென்சார் இருக்கக் கூடாது. காற்றில் ஆடும் கிளையும் கூடாது. குரங்குகளும் கணக்கில் சேரும், லோவர் பியர்ஸிலும் மெக்ரிட்சியிலும் இது விளையாட்டுப் பேச்சல்ல. விடியலில் யாருமற்ற வேளையில் திடீரென 30, 40 பதிவுகள் தெரிந்தால் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு குறை உண்டு. சென்சார் மனிதனைப் பின்னணியிலிருந்து பிரித்தறிவது வெப்ப வேறுபாட்டால். பிற்பகலில் காற்று 31, 32 டிகிரியைத் தொடும்போது தோலுக்கும் சூழலுக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. குளிர் நாட்டில் சோதித்துக் கொடுத்த துல்லியம் இங்கே பிற்பகல் 2 மணிக்குக் கிடைக்காது. அடுத்த குறை எல்லா ஊருக்கும் பொது: இருவர் தோளோடு தோள் நடந்தால் சென்சாருக்கு ஒருவர்தான்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கருவி ஓடும்போதே அருகில் நின்று கையாலும் எண்ணி, கை எண்ணிக்கையைக் கருவி எண்ணிக்கையால் வகுத்துத் திருத்தக் காரணி எடுங்கள். கை 480, கருவி 400 என்றால் காரணி 1.2. ஒரே காரணியை எல்லா மணிக்கும் போட்டுவிடாதீர்கள். கூட்டம் கூடக்கூட மறைப்பு கூடும். மணிக்கு 60 பேருக்குக் குறைவான வேளை, நடுத்தர வேளை, நெரிசல் வேளை என்று மூன்று காரணிகளாவது வேண்டும், பிற்பகலுக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரக் கை எண்ணிக்கை தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி செய்யுங்கள், செடி வளர்ந்திருக்கும், கம்பம் சாய்ந்திருக்கும்.

பேட்டரி தீர்ந்த நாளைக் கருவி பூஜ்யம் என்று எழுதிவைக்கும். அந்தப் பூஜ்யத்தை அப்படியே சராசரியில் சேர்ப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. பகல் நேரத்தில் தொடர்ந்து மூன்று மணி நேரம் பூஜ்யம் வந்தால், பெருமழை இல்லாத பட்சத்தில், அதைத் தரவு இல்லாத நேரமாகக் குறியுங்கள். அதே கிழமையின் மற்ற வாரங்களையும் பக்கத்து வாயிலின் விகிதத்தையும் வைத்து நிரப்பலாம். நிரப்பிய கட்டங்களுக்கு வேறு நிறம் கொடுங்கள்.

நேர்காணல்: எட்டுக் கேள்வி போதும்

எங்கிருந்து வந்தார், எதில் வந்தார், வீட்டு வாசலிலிருந்து எத்தனை நிமிடம், கூட எத்தனை பேர், எவ்வளவு நேரம் தங்குவார், கடந்த 30 நாளில் எத்தனை முறை வந்தார், இன்று அந்தக் குறித்த இடத்தை எத்தனை முறை கடந்தார், இங்கே வர முடியாவிட்டால் எங்கே போயிருப்பார். எட்டாவதை விட்டுவிடாதீர்கள், பின்னால் மாற்று இடங்களைக் கணக்கிட அது ஒன்றுதான் ஆதாரம்.

நம் அஞ்சல் குறியீட்டின் ஆறு இலக்கமும் கட்டடத்தையே காட்டிக்கொடுக்கும். தரைவீடு என்றால் குடும்பமே தெரிந்துவிடும். 2012ன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து முதல் நான்கு இலக்கங்களோடு நிறுத்துங்கள். பயண நேரம் கணக்கிட அது போதும்.

யாரைக் கேட்பது? முந்தைய பேட்டி முடிந்தபின் கடக்கும் மூன்றாவது ஆள் என்பதுபோல் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிரித்த முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரையே மனம் தேடும். ஓடுபவர்கள் நிற்கமாட்டார்கள், அவர்களை உடற்பயிற்சி முடித்து உடலைத் தளர்த்தும் இடத்தில் பிடியுங்கள். கேள்வித்தாள் நான்கு மொழியிலும் வேண்டும். காலை 6:30க்கு நடக்கும் தாத்தா பாட்டிகளிடம் ஆங்கிலக் கேள்வித்தாளை நீட்டினால் பேரப்பிள்ளையைக் கேள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்குவிடுதிகளில் வசிக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் நண்பர்களோடு வரும் இடங்களில் தமிழும் வங்காளமும் பேசும் பேட்டியாளர் இல்லாவிட்டால், அன்று வந்தவர்களில் ஒரு முழுப் பிரிவு தாளில் இல்லாமலே போகும். "அண்ணே, ரெண்டு நிமிஷம், பேரெல்லாம் வேண்டாம்" என்று தொடங்கும் பேச்சுக்கு மறுப்பு குறைவு.

அடுத்தது, அனுபவமுள்ளவர்களே சறுக்கும் இடம். நீர்த்தேக்கத்திலேயே நின்று கேட்டால் அடிக்கடி வருபவர் உங்கள் கையில் சிக்கும் வாய்ப்பு அதிகம். மாதம் 20 முறை வருபவர், ஒருமுறை வருபவரைவிட 20 மடங்கு சிக்குவார். நீங்கள் பேசிய 100 பேரில் 50 பேர் மாதம் 20 முறை, 50 பேர் மாதம் ஒருமுறை என்றால் வெறும் சராசரி 10.5 வரும். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவருடைய வருகை எண்ணின் தலைகீழ் எடையைக் கொடுத்துப் பாருங்கள். 50 ÷ 20 = 2.5, கூட 50 ÷ 1 = 50, மொத்தம் 52.5. 100ஐ அதனால் வகுத்தால் 1.9. ஒரு தனி ஆள் மாதத்தில் வரும் உண்மைச் சராசரி 1.9 முறை. 10.5ஐ வைத்துக் கணக்குப் போட்டால், அதே வருகைகளுக்குப் பின்னால் இருக்கும் தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகச் சுருங்கிவிடும்.

எங்கிருந்து வருகிறார்கள்

இப்போது வட்டாரவாரியாகப் பிரிக்கலாம். புள்ளிவிவரத் துறை துணை வட்டாரம் வரை, வயதுவாரியாக மக்கள்தொகை வெளியிடுகிறது. பயண நேரத்துக்கு ஒன்மேப்பின் வழிகாட்டும் சேவை இருக்கிறது. வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். விரைவுச்சாலைக்கு அந்தப்புறம் 600 மீட்டரில் தெரியும் அடுக்குமாடியிலிருந்து மேம்பாலம் ஏறி இறங்கி வர 20 நிமிடமாகலாம்.

ஒவ்வொரு துணை வட்டாரத்துக்கும் 1,000 பேருக்கு மாதம் எத்தனை வருகை என்று கணக்கிட்டு, பயண நேரத்துக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். செங்குத்தாகச் சரியும் வளைவு கிடைக்கும். வருகை விகிதத்தின் மடக்கையை எடுத்தால் அது ஏறக்குறைய நேர்கோடு. 10 நிமிடத்தில் 40, 30 நிமிடத்தில் 8 என்று இருந்தால், 5ன் இயல் மடக்கை 1.61, அதை 20 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.08. கூடுதலான ஒவ்வொரு 10 நிமிடமும் வருகையை முன்பிருந்ததில் 45 விழுக்காடாகக் குறைக்கிறது, 20 நிமிட வட்டாரத்தில் 18 எதிர்பார்க்கலாம். நடந்து வருபவருக்கும் காரில் வருபவருக்கும் தனித்தனி வளைவு போடுங்கள். முடிந்தால் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கும் தனி.

வகுக்கும் எண்ணில் ஒரு பொத்தல் இருக்கிறது. அந்தத் துணை வட்டாரக் கணக்கில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. 2024 ஜூனில் நாட்டில் 60.4 லட்சம் பேர், அதில் 18.6 லட்சம் பேர் மற்ற வெளிநாட்டவர். வீட்டுப் பணிப்பெண், மாணவர், தங்குவிடுதி ஊழியர் எல்லாரும் வருகையில் இருப்பார்கள், மக்கள்தொகைக் கட்டத்தில் இருக்கமாட்டார்கள். விகிதம் பொய்யாக உயரும். நேர்காணலில் இவர்களைத் தனிப் பிரிவாகப் பிரித்து, வளைவுக்கு வெளியே கூட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

மாற்று இடங்களை மறக்கக் கூடாது. மெக்ரிட்சிக்கும் லோவர் பியர்ஸுக்கும் நடுவில் குடியிருப்பவருக்குப் பிஷான் - அங் மோ கியோ பூங்காவும் இருக்கிறது. ஓரிடத்தைப் புதுப்பித்தால் அங்கே கூடும் வருகையில் ஒரு பகுதி பக்கத்து இடத்திலிருந்து நகர்ந்ததுதான். எட்டாவது கேள்வியின் பதில்களைக் கொண்டு எந்த விழுக்காடு நகர்ந்தது, எது புதிது என்று பிரியுங்கள்.

நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம்

அமெரிக்க அணைகளுக்கான மாடல்களில் நீர்மட்டம் முக்கியமான மாறி. கோடையில் மட்டம் இறங்கினால் படகுத்துறை சேற்றில் நிற்கும், கூட்டம் குறையும். இங்கே படகு இறக்க வருபவரைவிட கரையில் நடப்பவரே அதிகம், நீந்தவும் அனுமதி இல்லை. அந்த மாறியை எடுத்துவிட்டு, மழை எந்த மணியில் பெய்தது என்பதை வையுங்கள்.

நாள் மொத்த மழை உதவாது. பின்னிரவு 2 மணிக்குக் கொட்டித் தீர்த்த 40 மில்லிமீட்டர் காலை நடையைத் தொடாது. காலை 6:30க்குத் தூறிய 3 மில்லிமீட்டர் பாதியைக் காலி செய்யும். நாளை 6 முதல் 10, 10 முதல் 4, 4 முதல் 8 என்று மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மழை பெய்ததா என்று குறியுங்கள். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா காற்றோடு வரும் மழை விடியலையும் காலையையும் அடிக்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இடியோடு வருவது பிற்பகல், மாலை மழை. சாங்கியில் பதிவான மழை மெக்ரிட்சிக்குச் செல்லாது. தீவெங்கும் உள்ள நிலையங்களின் 5 நிமிட அளவுகள் அரசாங்கத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆகப் பக்கத்து நிலையத்தை எடுங்கள்.

கணக்கு இப்படி ஓடும். சனிக்கிழமையின் அடிப்படை 2,000, அதில் காலைப் பங்கு 45 விழுக்காடு, அதாவது 900. காலை மழையின் காரணி 0.55 என்று மாடல் சொல்கிறது. 900 × 0.55 = 495, மீதி 1,100 சேர்த்தால் 1,595. ஜூன் பள்ளி விடுமுறைக் காரணி 1.10 என்றால் 1,750 அளவில் வரும். காலையில் வர முடியாதவர்களில் சிலர் மாலையில் வருவார்கள். அதைப் பிடிக்க, காலை மழை மாலை வருகையை எவ்வளவு கூட்டுகிறது என்று தனியாகப் பாருங்கள்.

விடுமுறைகளை ஒரே பெட்டியில் போடக் கூடாது. சீனப் புத்தாண்டின் முதல் நாளும் தேசிய தினமும் ஒரே விதமாக நடக்காது. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றும் ஆண்டுக்காண்டு தேதி மாறுவதால் "பிப்ரவரிக் காரணி" போன்ற மாதக் காரணிகளுக்குள் அவை ஒளிந்துகொள்ளும். நோன்பு மாதம் முழுவதற்கும் மாலை நேரத்துக்கு ஒரு குறி வையுங்கள். ஞாயிறில் விழுந்த விடுமுறைக்குப் பதிலாகக் கிடைக்கும் திங்களை ஞாயிறாகவே கருதலாம். மெக்ரிட்சியின் 250 மீட்டர் மரவுச்சி நடைபாலம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், பொது விடுமுறைத் திங்களில் திறந்திருக்கும். அந்தப் பாதையின் சென்சார் தரவில் திங்கள் பள்ளமாகத் தெரிவது மக்களின் விருப்பத்தால் அல்ல.

புகைமூட்டத்துக்கு 24 மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு தாமதமாக நகரும் அளவு. வெளியே போகலாமா என்று தீர்மானிப்பவர் பார்ப்பது ஒரு மணி நேர பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவை, மாடலிலும் அதையே வையுங்கள். 2013 ஜூன் 21ல் 3 மணி நேரக் குறியீடு 401ஐத் தொட்டது. உங்கள் தரவுக் காலத்தில் அப்படி ஒரு வாரம் இல்லையென்றால் புகைக்குக் காரணி கண்டுபிடிக்க முடியாது. கற்பனையாக ஓர் எண்ணைப் போடாமல், இந்த மாடல் புகை நாளுக்குப் பொருந்தாது என்று எழுதிவிடுங்கள்.

மாடலைப் பொருத்துதலும் சோதித்தலும்

வருகை எண்ணிக்கை முழு எண், எதிர்மறையாகாது, கூடக்கூட சிதறலும் கூடும். சாதாரண நேர்கோட்டு ரிக்ரஷன் மழை நாளில் எதிர்மறை வருகையைக்கூடச் சொல்லும். எண்ணிக்கைத் தரவுக்கென்றே உள்ள பாய்சான் ரிக்ரஷனில், மடக்கை இணைப்போடு தொடங்குங்கள். சிதறல் சராசரியைவிட மிக அதிகமாக இருந்தால் (குழுவாக வருவதால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) கூடுதல் சிதறலை ஏற்கும் நெகட்டிவ் பைனாமியலுக்கு மாறுங்கள். மழைக்குக் கிடைக்கும் கெழு −0.6 என்றால், e-யின் −0.6 அடுக்கான 0.55தான் காரணி, மழைக் காரணியை அப்படியே வாசிக்கலாம். ஓராண்டுத் தரவு என்பது 365 வரிகள்தான். அதற்கு ஆழக்கற்றல் மாடல் தேவையில்லை. அது தரவை மனப்பாடம் செய்யும், காரணம் கேட்டால் சொல்லாது.

பழைய தரவைச் சேர்க்கும்போது உடைப்புகளைப் பாருங்கள். பிடோக் ரிசர்வோர் எம்ஆர்டி நிலையம் 2017 அக்டோபர் 21ல் திறந்தது. மரினா அணைக்கட்டுக்கு அருகே கார்டன்ஸ் பை த பே நிலையம் 2022 நவம்பர் 13ல். அந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் ஒரே அடிப்படை எண் செல்லாது, படிக்கட்டு மாறி (தேதிக்கு முன் 0, பின் 1) ஒன்று வேண்டும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரையிலான கொவிட் முடக்கத்தையும், அதன்பின் வந்த கட்டுப்பாட்டு மாதங்களையும் தூக்கிவிடுவதே நல்லது.

சோதனைக்குக் கடைசி 8 வாரங்களை ஒதுக்குங்கள். அங்கங்கே எழுந்தமானமாக நாள்களைப் பொறுக்கினால், முந்தைய நாளும் அடுத்த நாளும் பயிற்சித் தரவில் இருக்க, இடையில் உள்ள நாளை ஊகிப்பது சுலபமாகிவிடும், மதிப்பெண் பொய்யாக உயரும். ஒப்பிட வேண்டிய எதிரி: "போன வாரம் இதே கிழமையின் எண்." உங்கள் மாடல் அதை வெல்லவில்லை என்றால் அந்த எண்ணையே பயன்படுத்துங்கள். பிழைகளின் மொத்தத்தை உண்மை வருகைகளின் மொத்தத்தால் வகுத்து விழுக்காடாகச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் விழுக்காட்டின் சராசரியை எடுத்தால் 50 பேர் வந்த மழை நாள் ஒன்று முழுக் கணக்கையும் ஆட்டிவைக்கும்.

நான்கு நாளுக்கு அப்பால் வானிலை முன்னுரைப்பை நம்ப முடியாது. இரண்டு மாதம் கழித்து நடக்கும் நிகழ்ச்சிக்கு முன்கணிக்க வேண்டுமானால், கடந்த 10 ஆண்டுகளின் அதே வாரத்து மழையை ஒவ்வொன்றாக மாடலில் ஓட்டுங்கள். பத்து விடைகள் வரும். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக அந்த வரம்பைக் கொடுங்கள்.

துணைத் தரவாக நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தரவுத் தளத்தில் பேருந்து நிறுத்தவாரியான பயணி எண்ணிக்கை, மணிவாரியாக, வார நாளும் வார இறுதியும் பிரித்து மாதாமாதம் வருகிறது. பழைய மாதங்கள் நெடுநாள் கிடைக்காது, வந்தவுடன் இறக்கிச் சேமியுங்கள். நிறுத்தத்தில் இறங்கியவர் எல்லாரும் பூங்காவுக்கு வந்தவரல்ல, போக்கைக் கவனிக்க மட்டும் பயன்படும்.

கார் நிறுத்துமிடம் போடும் உச்சவரம்பு

கார் நிறுத்துமிடம் நிரம்பிய காலையில் நீங்கள் எண்ணுவது தேவையை அல்ல, கொள்ளளவை. 100 இடம், சராசரி ஒன்றரை மணி நேரம், 4 மணி நேர உச்ச வேளை என்றால் அதிகபட்சம் 267 கார்கள், காருக்கு 2.4 பேர் என்றால் 640 பேர். இந்த எண்ணை எட்டிய நாள்களை "இதற்குக் குறையாமல்" என்ற குறியோடு மாடலில் சேர்க்க வேண்டும். அப்படியே சேர்த்தால், இடத்தை 150 ஆக்கினாலும் கூட்டம் கூடாது என்று மாடல் சொல்லும். திரும்பிப் போன கார்களை வாசலில் நின்று எண்ணுவது சலிப்பான வேலை, ஆனால் இரண்டு ஞாயிறு காலை எண்ணினாலே பெரும் தெளிவு கிடைக்கும்.

தரவே இல்லாத புதிய இடம்

இன்னும் திறக்காத படகுத்துறைக்கோ நடைபாதைக்கோ எண்ணிக்கை எதுவும் இராது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை பல பத்தாண்டுகளாகக் கையாளும் வழி, ஒத்த இடமொன்றின் தலைக்குரிய வருகை வளைவை எடுத்துப் புதிய இடத்தைச் சுற்றியுள்ள மக்கள்தொகைமேல் போர்த்துவது. அவர்களுடைய எண்களை இங்கே கொண்டுவராதீர்கள், காரில் இரண்டு மணி நேரம் ஓட்டிவந்து முகாமடிப்பவர்களின் எண்கள் அவை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டு வளைவை உள்ளூரில் தேடுங்கள்.

ஒத்த இடம் என்றால் பரப்பளவில் ஒத்தது என்று பொருளல்ல. சுற்றி வர முடியுமா, நடந்து வரும் தூரத்தில் எத்தனை அடுக்குமாடி, ரயில் நிலையம் உண்டா, சாப்பிட இடம் உண்டா, மக்களின் வயது என்ன என்பவற்றில் ஒத்திருக்க வேண்டும். 2011ல் வந்த பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்களையும் அவற்றை இணைக்கும் 4.2 கிலோமீட்டர் நீர்வழியையும் சுற்றி இளங்குடும்பங்கள் நிறைந்த புது நகர். பிடோக்கின் வளைவை அப்படியே அங்கே போர்த்தினால் காலை 6 மணிக் கூட்டம் மிகையாகவும், சைக்கிளும் குழந்தை வண்டியும் குறைவாகவும் வரும். வயதுவாரி விகிதங்களை எடுத்திருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

திறந்த முதல் சில மாதக் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்தது. அந்த எண்ணை ஆண்டுக்கு விரிக்காதீர்கள். குறைந்தது ஆறு மாதம் கழித்து, பள்ளி விடுமுறை இல்லாத ஒரு மாதத்தில் மறுபடி எண்ணி, அடிப்படை எண்ணை அதற்கேற்ப மாற்றுங்கள். கிழமை, மழைக் காரணிகளைப் பழைய இடத்திலிருந்து கடன் வாங்கியே முதலாண்டை ஓட்டலாம்.